ஆட்டிப் பார்த்து ஊன்றுங்கள்

ஒரு கருத்து மனத்தில் உறுதியாக ஊன்றிவிட்டது. அந்த உறுதி, கருத்து உண்மை என்பதற்குச் சான்றாகுமா? சமயச் சொற்பொழிவு மேடைகளில் ‘அசைக்க முடியாத நம்பிக்கை’ என்பதைப் பெரிய பாராட்டாகச் சொல்கிறோம். அசைக்க முடியாதது எதுவோ அதுவே நல்லது என்று கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். நன்னூலையும் சைவ சித்தாந்த சாத்திரங்களையும் படித்தும் பாடம் சொல்லியும் வாழ்நாளைக் கழித்தவன் நான். அவற்றின் ஏடுகளில் இந்தக் கேள்விக்கு விடை இருந்தும், கேள்வி எனக்குக் கூர்மைப்பட்டது ஓர் ஆங்கில வினைச்சொல்லைக் கற்ற வேளையில்தான்.

என் மருமகள் செவிலியர். பிரிட்டனில் வேலைக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரவுப் பணி முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும், கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆங்கிலச் சொற்களை எழுதுவாள். “மாமா, நீங்க இதைப் பார்த்துக் கேளுங்க, நான் சொல்றேன்” என்பாள். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அது பிடித்திருந்தது. கேட்கக் கேட்க நானும் கற்றேன். அப்படி வந்த சொற்களில் ஒன்று ‘என்ட்ரெஞ்ச்’. ஒன்றை எளிதில் பெயர்க்க முடியாதபடி ஆழ ஊன்றிவிடுவது என்று பொருள் எழுதியிருந்தாள்.

பொருளை ஒப்பிப்பதற்குச் சிறிது நேரம் போதும். ஆனால் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் அவளுக்குக் கை ஓடவில்லை, எனக்கும் ஓடவில்லை. இது தமிழ் மரபு நன்கு அறிந்த இடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், கற்றல் எப்படி நிறைவுறும் என்பதற்குப் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் குறைவின்றி வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் கற்பவரோடு பழகி ஆராய்வதில் இன்னொரு கால் பங்கு சேரும். மீதி அரைப் பங்கு, அவன் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். வகுப்பில் இந்த நூற்பாக்களைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். பாதிப் புலமையை எடுத்துரைப்பதற்கு ஏன் ஒதுக்கினார் என்று மாணவர்கள் கேட்பார்கள். எடுத்துரைக்க நின்றால் எதிரே இருப்பவர் கேள்வி கேட்பார். தனியே படிக்கையில் கண்ணுக்குப் படாத ஓட்டை அப்போதுதான் தெரியும். நன்னூலார் கணக்கில் அந்த அரைப் பங்கு கேள்விக்கு உரியது என்றே நான் கொள்கிறேன்.

அதனால் அந்தச் சொல் வரும் வாக்கியங்களை ஆங்கில நாளிதழ்களில் தேடினோம். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை எனக்கு அதிர்ச்சி தந்தன. ஊன்றிப்போன வறுமை, ஊன்றிப்போன சாதிப் பாகுபாடு, ஊன்றிப்போன ஊழல், பெண்களைப் பற்றி ஊன்றிப்போன எண்ணங்கள் என்றே அவை இருந்தன. நல்ல பொருளில் வந்த வாக்கியங்கள் குறைவு. அவையும் பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியவை: ஓர் உரிமையைப் பின்னால் வருபவர்கள் லேசில் பறிக்க முடியாதபடி அரசியல் சட்டத்தில் ஊன்றிவைப்பது.

அவற்றில் சாதி பற்றிய வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது. சிறுவனாக இருந்தபோது எங்கள் கடலூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குவளை கடைக்குள்ளே கழுவப்படும். மற்றது கூரைச் சொருகலில் இருக்கும். குடித்தவரே அதைக் கழுவி வைக்க வேண்டும். அதை நியாயம் என்று யாரும் வாதாடி நான் கேட்டதில்லை. வாதாட வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. “அது அப்படித்தான்” என்ற ஒரே சொல்லில் ஊர் நடந்துகொண்டிருந்தது. அந்த எண்ணமும் உறுதியாகத்தான் ஊன்றியிருந்தது. கோயிலில் கும்பிட்ட கைகளுக்குள்ளேயே ஊன்றியிருந்தது. எங்கள் ஊர் மனிதர் பலருக்கு இறைவனிடம் இருந்த உறுதிக்கும் இந்தக் குவளையிடம் இருந்த உறுதிக்கும் அளவில் வேறுபாடு சொல்ல முடியாது. உறுதியே உண்மைக்குச் சான்று என்றால் இரண்டையும் ஏற்க வேண்டிவரும். எனவே உறுதியின் அளவு நமக்கு எதையும் மெய்ப்பிக்காது. அது எந்த வழியாக உறுதிப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

சார்லஸ் பெர்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர். 1877 நவம்பரில் ‘பாப்புலர் சயின்ஸ் மந்த்லி’ இதழில், நம்பிக்கை மனத்தில் எப்படி நிலைப்படுகிறது என்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நான்கு வழிகளை அவர் சொல்கிறார். முதலாவது, பிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு எதிரான எதையும் காதில் வாங்காமல் இருப்பது. இரண்டாவது, அரசோ திருச்சபையோ போன்ற ஓர் அதிகாரம் இதைத்தான் நம்ப வேண்டும் என்று வகுத்து, மாறுபடுபவரை ஒடுக்குவது. மூன்றாவது, நம் அறிவுக்கு இதமாகப் படுவதை உண்மை என்று கொள்வது. நான்காவது, நம் விருப்பத்தைச் சாராமல் வெளியே இருக்கும் மெய்ம்மையைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது. முதல் மூன்றும் மனத்துக்கு அமைதி தரும். ஆனால் வேறுவிதமாக நம்பும் இன்னொரு மனிதனைச் சந்திக்கும்போது அந்த அமைதி குலையும். நான்காவது வழிக்கு மட்டுமே தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் ஆற்றல் உண்டு என்பது அவர் முடிவு.

எங்கள் ஊர்க் குவளை முதல் இரண்டு வழிகளால் ஊன்றியது. சட்டம் அதைத் தடை செய்தது. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் அதற்கு முன்பே, 1948 நவம்பர் 4 அன்று வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். அரசியல் சட்டத்தை மதிக்கும் ஒழுக்கம் மனிதருக்கு இயல்பாக வருவதில்லை, அதைப் பயிற்றி வளர்க்க வேண்டும், நம் மக்கள் அதை இன்னும் கற்கவில்லை என்றார். அவர் பேசியது எழுத்தில் ஊன்றுவதற்கும் மனத்தில் ஊன்றுவதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் நான் அந்தக் குவளைகளைக் கண்ணால் பார்த்தேன்.

இந்தத் தூரத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது தென்னாப்பிரிக்காவின் வரலாறு. நம் வினைச்சொல் சட்ட வழக்கில் அங்கே அடிக்கடி புழங்கியது. 1910-இல் அமைந்த தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் அரசியல் சட்டமான 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு காப்புகள் இருந்தன. கேப் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாதாருக்கு இருந்த வாக்குரிமை ஒன்று, ஆங்கிலத்துக்கும் டச்சுக்கும் சம நிலை மற்றொன்று. இவற்றைத் தொட வேண்டுமானால் இரு அவைகளும் கூடி அமர்ந்து மூன்றில் இரு பங்கு வாக்கு அளிக்க வேண்டும். 1936-இல் அந்தப் பெரும்பான்மையைத் திரட்டிக் கறுப்பின மக்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1951-இல் கலப்பின மக்களை நீக்க முயன்றபோது மூன்றில் இரு பங்கு இல்லை. 1952-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அரசு விடவில்லை. 1955-இல் செனட் அவையைப் பெரிதாக்கித் தன் ஆட்களை நிரப்பி, 1956-இல் நினைத்ததை முடித்தது. மொழிச் சமத்துவம் மட்டும் தப்பியது. 1961 குடியரசுச் சட்டத்திலும் அது காப்போடு தொடர்ந்தது. இரண்டுக்கும் ஒரே பூட்டுத்தான் போட்டிருந்தார்கள். மொழியுரிமையை ஆள்பவர்கள் மனத்தாலும் காத்தார்கள். பிறருடைய வாக்குரிமையை அவர்கள் மனத்தால் ஒருபோதும் ஏற்கவில்லை. மனம் ஏற்காததை எழுத்து நெடுநாள் தாங்காது.

அப்படியானால் மனத்தில் ஒன்றைச் சரியாக ஊன்றுவது எப்படி? இதற்கு நம் மெய்யியல் மரபில் அழகான ஒரு நியாயம் உண்டு. வேதாந்த உரையாசிரியர்கள் அதை ‘ஸ்தூணாநிகனன நியாயம்’ என்பார்கள். கம்பம் ஊன்றும் முறை என்று பொருள். பந்தல் போடுபவர்களைப் பாருங்கள். குழியில் காலை இறக்கி மண்ணைத் தள்ளியதும் அவர்கள் போய்விடுவதில்லை. கடப்பாரையின் மழுங்கிய முனையால் சுற்றிலும் இடிப்பார்கள். பிறகு கம்பத்தைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுவார்கள். ஆட்டினால் எந்தப் பக்கம் இடைவெளி இருக்கிறதென்று தெரியும், அங்கே மண்ணோ கல்லோ போட்டு மறுபடியும் இடிப்பார்கள். கருத்தையும் அப்படித்தான் நிறுவ வேண்டும் என்கிறது அந்த நியாயம். நிறுவிய முடிவின் மேல் மீண்டும் மீண்டும் ஆட்சேபம் எழுப்புவது அதைப் பிடுங்குவதற்கு அல்ல, கெட்டிப்படுத்துவதற்கு. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொல்லும் வரிசையில் கேட்டலுக்குப் பின் சிந்தித்தல் வருகிறது, அதற்குப் பின்தான் தியானம். சித்தாந்தமும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்கு படி சொல்லும். இரண்டு மரபும் கேட்டலிலிருந்து நேரே தியானத்துக்குத் தாவ விடவில்லை. நடுவே சிந்தனையை நிறுத்திவைத்திருக்கின்றன. ஆட்சேபங்களை எழுப்பித் தீர்ப்பது அந்தப் படியின் வேலை.

தமிழ் நூல்கள் இதைக் கொள்கையாகச் சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியிருக்கின்றன. மணிமேகலை பௌத்தக் காப்பியம். ஆனால் அதன் தலைவி பௌத்த அறத்தில் முழுமையாக நிலைபெறும் முன் வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று ஒரு காதையையே அதற்குச் சாத்தனார் கொடுத்திருக்கிறார். பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணத்தையும் தருமத்தையும் போதிக்கிறார்.

சைவத்தில் இதற்குச் சிகரம் அருணந்தி சிவாசாரியார். அவருடைய ஆசிரியர் மெய்கண்டார், எங்கள் பெண்ணாடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் என்பது மரபு. பன்னிரண்டு சூத்திரங்களில் அமைந்த சிவஞானபோதத்தை அவர் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வாத முறைப்படி விரிக்கிறார். இது சிவன் வாக்கு, கேள்வி வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. அருணந்தியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குருவாக இருந்தவர், சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். தம்மைவிட மிக இளையவரான மெய்கண்டாரிடம் செருக்கோடு வந்து, ஆணவ மலம் எப்படி இருக்கும் என்று கேட்டார் என்றும், மெய்கண்டார் அவர் நின்ற நிலையையே பார்வையால் சுட்டிக் காட்டினார் என்றும், அந்த நொடியில் அவர் அடிபணிந்து மாணவர் ஆனார் என்றும் வரலாறு சொல்வார்கள். தாம் கற்றதெல்லாம் ஆட்டம் கண்ட ஒருவர் பிறகு என்ன நூல் எழுதினார் என்று பாருங்கள். சிவஞான சித்தியார் இரண்டு பகுதி. முதற்பகுதி பரபக்கம். உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை பதினான்கு பிற கொள்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கூற்றையும் முதலில் சொல்லிப் பிறகு மறுக்கிறார். அதன் பின்னரே தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் வருகிறது. கடவுளே இல்லை என்பவனுக்குச் சைவ சாத்திரத்தின் வாசலில் முதல் இடம் கொடுத்தவர் அவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவானது, அதைத் தட்டிக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. வாதம் அறியாத எளிய பக்தரின் உறுதி என்னாகும்? அவர்கள் பரபக்கம் படித்தா விளக்கேற்றுகிறார்கள்? என் தாயார் எழுத்தறியாதவர். அந்தி சாய்ந்தால் மாடத்தில் விளக்கு வைப்பார். என் அண்ணன் வெள்ளத்தில் போன பிறகு அவர் விளக்கு வைக்கவில்லை. கோயில் பக்கமே போகவில்லை. உறவினர்கள் வந்து விதி என்றும் பூர்வ கர்மம் என்றும் சொன்னார்கள். “அந்தப் பிள்ளை என்ன செஞ்சான்?” என்று ஒரே கேள்வியால் அனைவரையும் வாயடைத்தார். நெடுநாள் கழித்து, ஒரு மாலை, யாரும் சொல்லாமலே மீண்டும் விளக்கு வைத்தார். பிறகு அவரிடம் இருந்த பக்தியில் பழைய பேரம் இல்லை. நேர்த்திக்கடன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் முதலில் போய் உட்கார்ந்து, விதியைப் பற்றிப் பேசாமல் கூட இருந்துவிட்டு வருவார். அவருக்கு ஆட்சேபம் ஏட்டிலிருந்து வரவில்லை, வாழ்க்கையிலிருந்து வந்தது. அதை அவர் ஒதுக்கித் தள்ளாமல் முழுவதுமாக எதிர்கொண்டார். ஆகவே எளியவரின் நம்பிக்கை சோதிக்கப்படாதது என்று நினைப்பது படித்தவர்களின் அறியாமை.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் எதுதான் ஊன்றும்? பெர்ஸ் இதற்கு நல்ல விடை தருகிறார். ஒரு கூற்றைக் கேள்வி வடிவில் எழுதிவிட்டால் மட்டும் மனத்தில் ஐயம் பிறந்துவிடாது என்கிறார். உண்மையான, உயிருள்ள ஐயம் வேண்டும். அது தீர்ந்த இடத்தில் ஆராய்ச்சியும் நிற்கலாம். பந்தல்காரரும் நாள் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டிருப்பதில்லை. அசைவு நின்றதும் அடுத்த காலுக்குப் போய்விடுவார். புயல் அடித்துப் போன மறுநாள் மட்டும் மறுபடி பிடித்துப் பார்ப்பார்.

திருநாவுக்கரசரை எண்ணிப் பாருங்கள். பெரியபுராணம் காட்டும் வாழ்க்கையில் அவர் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை பெற்று வாழ்ந்தவர். சூலை நோயோடு திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து சைவத்துக்குத் திரும்பியவர். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தது ஆகியவற்றுக்கெல்லாம் அஞ்சாமல் நின்றார் என்று சேக்கிழார் பாடும் அந்த உறுதி, வேறொன்றை அறியாதவருடைய உறுதி அல்ல. மறுகரையில் வாழ்ந்து பார்த்தவருடைய உறுதி. சைவ மரபு அந்தப் பழைய வாழ்க்கையை மறைக்காமல் பாடிவைத்ததை நான் பெருமையாக நினைக்கிறேன்.

இத்தனையும் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தேறிய அளவுகோல்கள் மூன்று. என் கொள்கைக்கு எதிரானதை, அதை நம்புபவர் “ஆம், நான் சொல்வது இதுதான்” என்று ஒப்பும்படி என்னால் சொல்ல முடிகிறதா? என் நம்பிக்கை எந்த வழியாக எனக்குள் வந்தது என்று எனக்குத் தெரிகிறதா? அது ஊன்றியிருப்பதற்கு விலையாக வேறு யாராவது கூரைச் சொருகலில் இருக்கும் குவளையை எடுக்க வேண்டியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால், முதல் இரண்டிலும் எவ்வளவு தேறினாலும் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிட வேண்டும். பிறரைச் சிறுமைப்படுத்தி நிற்பதற்கு உறுதி என்று பெயர் சொல்லக்கூடாது.

மருமகள் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். இப்போது பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் எழுதிப் பழகிய வாக்கியங்களில் ஒன்றில், செவிலியர்களிடையே கேள்வி கேட்கும் பழக்கத்தை ஊன்ற வேண்டும் என்று இருந்தது. மருந்தின் அளவில் ஐயம் வந்தால் மூத்த மருத்துவரானாலும் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் நோயாளிக்கு ஆபத்து என்று அவளே எனக்கு விளக்கினாள். உடலுக்கு நாம் எடுத்துக்கொள்ளும் இந்தக் கவனத்தை உயிருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

சித்தாந்த வகுப்பு நடத்துபவர்களுக்கும், கோயில்களில் தொடர் சொற்பொழிவு செய்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நான் அறிந்த வகுப்புகள் பலவற்றில் சிவஞான சித்தியார் என்றால் சுபக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பரபக்கம் கடினம், பழைய சண்டை, இன்று எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உலகாயதனின் கேள்வியை அவன் வலிமை குறையாமல் மாணவர் முன் வையுங்கள். அம்பேத்கரின் எச்சரிக்கையையும் அதன் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் வீட்டில் “ஏன்?” என்று கேட்டால் “அது அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து தேடுங்கள். அருணந்தியார் பரபக்கத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாமும் அந்த வரிசையிலேயே படிப்போம்.